பிறர் பந்தியில் நம் நோன்பு

பசி எல்லா உயிர்க்கும் பொதுவானது. எதனை உண்டு அப்பசியைத் தணிப்பது என்னும் வினாவோ மனிதனுக்கு மட்டுமே உரியது. புலி மானைக் கொல்லும்போது அதன் உள்ளத்தில் அறமும் இல்லை, மறமும் இல்லை. மனிதன் ஒருவனே தன் முன் வைக்கப்பட்ட உணவைப் பார்த்து, 'இது எங்கிருந்து வந்தது? இதன்பொருட்டு எவ்வுயிர் துன்புற்றது?' என்று கேட்கும் ஆற்றல் பெற்றவன். அவ்வாறு கேட்டவர்களுள் ஒரு சாரார் புலால் உண்ணாமையை நோன்பாக மேற்கொண்டனர். அவர்களுள்ளும் சிலர் ஒரு படி மேலே சென்று, பால், தயிர், நெய், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கினர். இந்நெறியைத் தமிழில் இன்று 'நனிசைவம்' என்று குறிக்கின்றோம்.

நம் வீட்டு அடுப்பங்கரையில் இந்நோன்பைக் காப்பது அரிதன்று. அரிசியும் பருப்பும் நம்முடையவை. சட்டியும் அகப்பையும் நம் கையில் இருப்பவை. சோதனை தொடங்குவது வாயிற்படியைத் தாண்டிய பிறகுதான். நண்பர் அழைக்கின்றார், உடன் வேலை செய்வோர் ஒன்றுகூடி உண்ணச் செல்கின்றனர், அயலார் தம் திருநாளுக்கு வரச் சொல்கின்றனர். அங்கே நோன்பு நம்முடையது; அடுப்பு பிறருடையது. அவர் அடுப்பில் நம் நோன்பை எவ்வாறு காப்பது? காக்கும் முயற்சியில் அவர் மனம் நோகுமாயின் அந்நோன்புக்கு என்ன பொருள்? அவர் நோகாதிருக்க வேண்டி நோன்பை விட்டுவிடுவோமாயின் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு? இச்சிறிய வினாக்களுக்குள் பெரியதோர் அறச்சிக்கல் அடங்கியிருப்பதால் அதனை இங்கே ஆராய முற்படுகின்றேன்.

நாட்கணக்கில் வந்த சைவம்

ரவாங்கிலிருந்து செரண்டாவுக்குச் செல்லும் பழைய சாலையில் அமைந்திருப்பது சுங்கை சோ. ஒரு காலத்தில் இவ்வட்டாரமெங்கும் பால்மரக்காடுகள் பரந்து கிடந்தன. அவற்றுட் பல பின்னர்ச் செம்பனைக்கு இடம் கொடுத்தன. இன்றோ தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. 1993இல் தொடங்கப்பெற்ற பெரோடுவா மகிழுந்து நிறுவனத்தின் தொழிற்சாலையும் இங்குதான் அமைந்தது. தோட்டத்து லயங்களில் பிறந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இத்தகைய ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர்.

வடசிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருள் பெரும்பாலோர் புலால் உண்பவரே. முனீஸ்வரருக்கும் மதுரைவீரனுக்கும் கிடாயும் சேவலும் படைத்துப் பொங்கலிட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சைவம் என்பது நாட்கணக்கைப் பொறுத்ததாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள், புரட்டாசிச் சனிக்கிழமைகள், 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பெற்றுவரும் பத்துமலையில் காவடி எடுப்போருக்குப் பல நாள். அந்நாள்களில் லயமே சைவமாகிவிடும். ஒரு வீட்டில் மட்டும் மீன் பொரிக்கும் மணம் எழுந்தால் அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பர். நோன்பைக் காப்பதற்குத் தனிமனித உறுதி அவ்வளவாக வேண்டியதில்லை; ஊரே வேலியாக நின்று காத்தது.

தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் அவ்வேலி இல்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். அங்கே நோன்பு கொண்டவர் தனியர். ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அம்மேசையில் நோன்பு என்பதை அறியாதவர் அநேகமாக எவரும் இலர். மலாய் நண்பர் ரமலான் மாதம் முழுவதும் பகலில் நீரும் அருந்தாதவர். ஆகும் உணவு, ஆகாத உணவு என்னும் வரையறையை நாள்தோறும் கடைப்பிடிப்பவர். சீன நண்பரின் தாயார் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மரக்கறி மட்டும் உண்பவராக இருக்கலாம். ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாள்களில், ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழாவையொட்டி, மரக்கறிக் கடைகளில் மஞ்சள் கொடிகள் பறப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆதலின், 'இதில் என்ன சேர்ந்திருக்கின்றது?' என்னும் கேள்வி இந்நாட்டில் அந்நியமானதன்று. அதனைக் கேட்க நாணுவதற்கும் காரணம் இல்லை.

மறைந்திருப்பவை

கேட்கத்தான் வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது போதாது. நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அதன்மேல் ஊற்றப்படும் சம்பலில் பெலாச்சானும் நெத்திலியும் கலந்திருக்கும். கங்கோங் கீரை பச்சைப்பசேலென்று தோன்றும். வதக்கியதோ இறால் அரைத்த பெலாச்சானில். இந்திய முஸ்லிம் உணவகத்துத் தால்சா பருப்பும் கத்தரிக்காயும் கொண்ட குழம்பாகத் தோன்றும். ஆட்டெலும்பின் சாரம் அதற்குள் கரைந்திருக்கும். சீனர் கடையில் பொரித்த மீயில் பன்றிக்கொழுப்பும், வதக்கிய கீரையில் சிப்பிச் சாறும் சேர்வதுண்டு. நனிசைவருக்கு இன்னும் ஒரு படி மிகுதி: ரொட்டி சானாயின் மாவிலே நெய்யோ பாலோ இருக்கலாம், தேநீரில் கெட்டிப்பால் இல்லாதிருப்பது அரிது.

இவற்றைச் சமைப்பவர் எவரும் நம்மை ஏமாற்றவில்லை. அவர்தம் முன்னோர் சுவைக்காகவும் வலிமைக்காகவும் கண்டுபிடித்த முறை அது. 'காய்கறி' என்று அவர் சொல்லும்போது தட்டில் தெரியும் காயைச் சொல்கின்றார். நாமோ சட்டியின் அடியில் இருப்பதை வினவுகின்றோம். ஒரே சொல்லை இருவரும் இருவேறு பொருளில் வழங்குவதால் வரும் குழப்பம் இது. குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பு, நோன்பு கொண்ட நம்மைச் சார்ந்தது.

துருக்கி அடுப்பின் பாடம்

எங்கள் வட்டாரத்து இளைஞர் ஒருவர் சொன்ன செய்தி இவ்விடத்தில் பொருந்தும். அவர் இறைச்சியையும் பாலையும் விலக்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த மலாய்க்காரர் ஒருவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்து கோலாலம்பூரிலுள்ள ஒரு துருக்கி உணவகத்தில் என்று முடிவாயிற்று. துருக்கி உணவென்றால் சுழலும் கம்பியில் அடுக்கிய இறைச்சியும், தணலில் வாட்டிய ஆட்டுத்துண்டுமே நம் நினைவுக்கு வருவன. வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என எண்ணினாராம் இளைஞர். 'தொழில் கற்றுக்கொடுத்தவருக்குப் பொய்யையா பரிசாகக் கொடுப்பது?' என்று மனம் உறுத்தவே புறப்பட்டுச் சென்றார்.

உணவகத்தில் அவர் முதலில் கேட்டது, 'இறைச்சியும் பாலும் இல்லாமல் ஏதேனும் உண்டா?' என்பது. பரிமாறுபவர் சற்றே தயங்கி, நறுக்கிய காய்களையும் பொரித்த உருளைக்கிழங்கையும் காட்டினார். இளைஞர் சிறிது நேரம் கழித்து வேறு வகையாகக் கேட்டார்: 'உங்கள் ஊரில், இறைச்சி வாங்காத நாளில் உங்கள் தாயார் என்ன சமைப்பார்?' பரிமாறுபவரின் முகம் மலர்ந்தது. அவர் உள்ளே சென்று சமையற்காரரையே அழைத்து வந்துவிட்டார்.

அதன்பின் தெரியவந்தவை பல. துருக்கியர் சமையலில் 'செய்தின்யாலி' என்றொரு தனிப் பிரிவே உண்டு. 'ஆலிவ் எண்ணெயில் ஆனது' என்பது அதன் பொருள். அவரை, கத்தரி முதலிய காய்களை அவ்வெண்ணெயில் பதமாக வேகவைத்து ஆறவிட்டுப் பரிமாறுவர். ஆறியபின் உண்ணும் உணவாதலின் உறைந்துவிடும் வெண்ணெயோ கொழுப்போ அதற்கு ஏற்றதன்று. அவ்வகையுள் புகழ்பெற்றது 'இமாம் பயில்டி'. 'இமாம் மயங்கி விழுந்தார்' என்று பொருள். சுவையில் மயங்கினார் என்பர் சிலர். செலவான எண்ணெயின் அளவைக் கேட்டு மயங்கினார் என்பர் வேறு சிலர். வெங்காயமும் தக்காளியும் பூண்டும் உள்ளே அடைத்த கத்தரிக்காய் அது. நம் முன்னோர் வழுதுணங்காய் என்று வழங்கிய அக்காய், இந்தியப் பக்கத்திலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக மேற்கே பயணம் செய்து துருக்கியர் அடுப்பை அடைந்தது. தோற்றத்தில் அதனையொத்த 'கர்னியாரிக்' என்னும் உணவில் கொத்திய இறைச்சி இருக்கும். ஆகவே பெயரைத் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

திராட்சை இலையில் பொதிந்த சோற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் இன்னும் சிந்திக்கத்தக்கது. இறைச்சி இல்லாமல், அரிசியும் உலர்திராட்சையும் பைன் பருப்பும் வைத்துச் செய்வதனை 'யலான்ஜி' என்கின்றனர். 'பொய்யானது' என்று பொருள். இறைச்சி இருப்பதுபோல் தோன்றி இல்லாதிருப்பதால் அப்பெயர். அந்நாட்டில் நூற்றாண்டுகளாக உடன் வாழ்ந்த கிரேக்க, ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் தம் தவக்கால நோன்பில் இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விலக்குபவர்கள். இத்தகைய இலைப்பொதிகள் அவர்தம் நோன்புப் பந்தியிலும் இடம் பெறுபவை. முன்பு பச்சை இறைச்சியைப் பிசைந்து செய்த 'சி கொஃப்தே' என்பதும், இன்று துருக்கியின் கடைகளில் கோதுமை நொய்யும் மிளகாய் விழுதும் கொண்டே விற்கப்படுகின்றது; பச்சை இறைச்சியைக் கடையில் விற்க நலவிதிகள் இடந்தராமையே காரணம். மறுபுறம், மைசூர்ப் பருப்பில் செய்த சூப்பில் வெண்ணெய் தாளிப்பும் சிலபோது இறைச்சிச் சாறும் இருக்கும்; சோற்றிலும் வெண்ணெயோ கோழிச்சாறோ சேரலாம்; ரொட்டியின்மேல் முட்டையோ தயிரோ தடவியிருக்கலாம். சமையற்காரர் இவற்றையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னாராம்.

இளைஞர் வயிறார உண்டார். ஓய்வு பெறும் பெரியவரும் அவர் தட்டிலிருந்து ஓர் இலைப்பொதியை எடுத்துச் சுவைத்தார். இந்நிகழ்ச்சியில் நான் காணும் உண்மை ஒன்று. முதற்கேள்வி, சமையற்காரரிடம் 'உன் உணவிலிருந்து எனக்கு ஆகாதவற்றைக் கழித்துக் கொடு' என்று சொன்னது. இரண்டாம் கேள்வி, 'உன் மரபில் எனக்குரியது எது?' என்று வினவியது. முன்னது அவரது கலையைக் குறைபடுத்தியது. பின்னது அவரது அறிவை மதித்தது. ஏழ்மையும் பருவமும் நோன்பும் தொடாத சமையல் உலகில் எங்கும் இல்லை. ஆதலால் எத்துணை இறைச்சி மணக்கும் அடுப்பிலும், இறைச்சியில்லாத நாளுக்கென ஒரு சட்டி இருந்தே தீரும். மலாய்க்காரரிடம் உலாம் என்னும் பச்சிலைகளும் தெம்பேயும் உண்டு. சீனரிடம் பௌத்த மடங்கள் வளர்த்த மரக்கறிச் சமையல் உண்டு. அச்சட்டியைத் தேடிக் கேட்பவரே பிறர் பந்தியில் விருந்தினராக அமர்கின்றார். கழித்துக் கேட்பவர் அங்கும் வெளியாராகவே இருந்துவிடுகின்றார்.

எது சமைத்தது, எவர் சமைத்தது

எவ்வளவு தூரம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். கறி வாட்டிய கம்பியில் கத்தரிக்காயை வாட்டலாமா? இறைச்சி நறுக்கிய கத்தி தக்காளியைத் தொடலாமா? இதற்கு விடை, நாம் நோன்பு கொண்டதன் காரணத்தைப் பொறுத்தது. தூய்மை கருதி நோன்பு கொண்டவருக்குக் கத்தியும் கம்பியும் பெரும் பொருட்டே. உயிரிரக்கம் கருதிக் கொண்டவருக்கோ, கம்பியைக் கழுவுவதால் எந்த உயிரும் மீள்வதில்லை. கழுவாமையால் புதிதாக எவ்வுயிரும் மாய்வதில்லை. எலும்புச்சாறும் வெண்ணெயும் அவருக்குப் பொருட்டு. ஏனெனில் அவற்றுக்கான தேவையே கொலையையும் துன்பத்தையும் வளர்க்கின்றது. தன் காரணத்தை அறிந்தவரின் கேள்விகள் அளவாக அமையும். அறியாதவரின் கேள்விகள் பெருகிப் பரிமாறுபவரை வாட்டும்.

இங்கே தமிழராகிய நாம் நேர்மையோடு எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் சமுதாயத்தில் சைவ உணவு எக்காலத்தும் இரக்கத்தின் அடையாளமாக மட்டுமே இருந்ததில்லை. சாதிப் படிக்கட்டாகவும் இருந்திருக்கின்றது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி என்று வைத்தமையால் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதனை எதிர்த்து நின்றனர். அங்கே சண்டை உணவின் வகையைப் பற்றி எழவில்லை. உடன் அமர்ந்து உண்பவர் யார் என்பது பற்றியே எழுந்தது. 'இதில் என்ன இருக்கின்றது?' என்று கேட்பது அறம் சார்ந்த கேள்வி. 'இதனை எவர் கை தொட்டது?' என்று கேட்பது மனிதரைத் தாழ்த்தும் கேள்வி. முன்னதின் போர்வையில் பின்னது நுழைந்துவிடாதபடி ஒவ்வொரு முறையும் நம்மை நாமே சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஆட்டின்பால் இரங்கி மனிதனை அருவருப்பவரின் நோன்பில் இரக்கம் இருக்குமென்று நம்புவதற்கில்லை.

கேளாதிருத்தலின் குற்றம்

'கேட்டால்தானே தெரியும்? கேளாமல் உண்டுவிட்டால் குற்றமில்லையே' என்போரும் உளர். தெரியாமல் உண்டவர்மீது குற்றம் சுமத்துவது முறையன்று. ஆனால் அறியாமை வேறு. அறிய மறுத்தல் வேறு. கேட்டால் தெரிந்துவிடுமே என்றஞ்சிக் கேளாதிருப்பவர், உள்ளத்தில் ஏற்கெனவே விடையை அறிந்தவரே.

1888இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், இறைச்சி தொடுவதில்லை எனத் தம் தாய்க்கு வாக்களித்துச் சென்றவர். இலண்டனில் பல நாள் அரைவயிற்றோடு அலைந்தபின் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டு மகிழ்ந்தார். அங்கும் ஒரு சிக்கல் எழுந்தது. முட்டை இறைச்சி ஆகாது என்பது அந்நாட்டு மரக்கறியாளர் பலரின் கொள்கை. அதனை ஏற்றுக்கொண்டால் அவருக்கு வசதி மிகுதி. ஆயினும், வாக்கைப் பெற்ற தாய் அச்சொல்லுக்கு எப்பொருள் கொண்டாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று தெளிந்து முட்டையை விட்டார். அதன்பின் மரக்கறி உணவகத்திலேயே ஒவ்வோர் உணவிலும் முட்டை உண்டா என்று விசாரித்தறிய வேண்டியதாயிற்று. உண்டுவந்த பலவற்றை விடவும் நேர்ந்தது. கேட்பதன் கூச்சத்தை அவர் தாங்கினார். சொல்லின் பொருளை வளைக்கவில்லை.

அவரே பிற்காலத்தில் வளைத்ததையும் மறைக்காமல் எழுதியுள்ளார். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விடுவதாக உறுதிபூண்டவர், 1918இல் கடுமையாக நோயுற்றபின், உறுதி பூணும்போது பசுவும் எருமையுமே தம் மனத்தில் இருந்தன என்று கூறி ஆட்டுப்பாலை ஏற்றார். சொல் காக்கப்பட்டது, உயிர்ப்பொருள் போயிற்று என்று தம் வரலாற்றில் அவர் வருந்துகின்றார். இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது என்ன? நோன்பின் எல்லையை வகுக்கும் உரிமை நமக்குண்டு. வகுத்த எல்லையைப் பசி வந்தபோது நகர்த்திவிட்டு, நகர்த்தவில்லை என்று சாதிக்கும் உரிமை இல்லை. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தொடங்கிய நனிசைவச் சங்கம், பின்னாளில் தன் நெறியை வரையறுத்தபோது, இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்னும் கருத்தைச் சேர்த்துக்கொண்டது. தப்பிச் செல்ல விட்ட வாயில் என்று அதனைக் கருதுவது பிழை. நிறைவை எட்டிவிட்டோம் என்னும் செருக்குக்கு இட்ட கடிவாளமாகவே நான் அதனைக் காண்கின்றேன்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்து லயத்தின் பின்புறம் கொட்டகை போட்டு மாடு வளர்த்தோர் நம்மவர். பொங்கலன்று மறுநாளே மாட்டுக்கும் பொங்கல் வைத்தவர்கள். அவர்களிடம் பால் வேண்டா என்று சொல்வது எளிதன்று. சொல்பவரைப் பிள்ளைத்தனமாகவே நோக்குவர். எனினும் இன்று தகரக்குவளையில் வரும் கெட்டிப்பாலுக்குப் பெயர் சொல்லி அழைத்த மாடு இல்லை; அதன் கன்று என்னவாயிற்று என்று கேட்க ஆளும் இல்லை. நனிசைவர் எழுப்பும் கேள்வி அந்தக் கன்றைப் பற்றியது. அதற்கு நாம் தரும் விடை எதுவாயினும், கேள்வியைச் சிரித்துத் தள்ளுதல் மாட்டுப்பொங்கல் வைத்த மரபுக்கு அழகன்று.

இரண்டு கடன்கள்

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் ஒன்பதாம் அதிகாரமாகவும், புலால் மறுத்தலைத் துறவறவியலில் இருபத்தாறாம் அதிகாரமாகவும் வைத்தார். இவ்வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. துறவிக்கு விருந்தில்லை, எனவே அவர் ஒரு கடனையே நினைத்தால் போதும். இல்லத்தில் வாழ்ந்துகொண்டே புலால் மறுத்தவரோ இரண்டு கடன்களையும் ஒருசேரச் சுமக்கின்றார். உண்பவர் வாங்காவிடின் விற்பவர் கொல்லார் என்னும் கருத்தைச் சொன்ன அவரே, முகம் சற்று மாறி நோக்கினாலும் விருந்தினர் வாடிவிடுவர் என்றும் சொன்னார். விருந்தினர் மட்டுமா வாடுகின்றார்? அன்போடு சமைத்ததை முகஞ்சுளித்து ஒதுக்கினால் விருந்தளித்தவரும் வாடுகின்றார்.

பௌத்த மரபு இச்சிக்கலை ஒருவாறு தீர்த்தது. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், பிச்சையாக இட்ட ஊனைத் துறவி ஏற்கலாம் என்பது பாலி மொழி விநய நூல்களின் விதி. மீனும் ஊனும் அனைவர்க்கும் கட்டாயமாக விலக்கப்பட வேண்டும் என்ற தேவதத்தனின் கோரிக்கையைப் புத்தர் ஏற்கவில்லை. பிச்சை ஏற்பவர் இல்லத்தார்மீது நிபந்தனை விதித்தலாகாது என்பது அதன் உட்கருத்தென்று கொள்ளலாம். சீனத்தில் அவ்விதி மாறிற்று. ஆறாம் நூற்றாண்டில் லியாங் மரபின் பேரரசர் வூ துறவியர்க்கு மரக்கறியே உணவென்று வலியுறுத்தினார். மடத்திலேயே சமைத்து உண்ணும் வழக்கம் வளர்ந்த இடத்தில் அது இயல்வதாயிற்று. அடுப்பு எவருடையதோ அதற்கேற்ப நோன்பின் வடிவமும் மாறியதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நாம் பிச்சை ஏற்போர் அல்லோம். உணவகத்தில் நாம் விலை கொடுப்போர். நாம் வாங்குவதே நாளைய சமையலைத் தீர்மானிக்கின்றது. ஆகவே அங்கே தெளிவாகக் கேட்பதும், ஆகாததை மறுப்பதும் நம் கடமை. நண்பர் வீட்டிலோ முன்கூட்டிச் சொல்லிவிடுதலே நாகரிகம். சட்டி அடுப்பில் ஏறுமுன் சொன்ன சொல் உதவியாகும். இலையில் பரிமாறியபின் சொன்ன சொல் குறையாகத் தொனிக்கும். நம் கையால் ஓர் உணவைச் செய்து எடுத்துச் செல்வது இன்னும் சிறப்பு. அது எல்லாரும் உண்ணத்தக்கதாக இருக்கட்டும். எல்லா ஏற்பாட்டையும் மீறி ஆகாதது ஒன்று தட்டில் விழுந்துவிட்டால், 'இதனை உண்பதில்லை, தங்கள் அன்பை ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்லி அமர்ந்திருத்தல் வேண்டும், எழுந்து போகலாகாது. உணவை மறுப்பது நோன்பு. உடன் இருப்பதையும் மறுப்பது பகை.

நம் திருநாள்களை எண்ணிப் பார்ப்போம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய் நண்பர் வருகின்றார் என்றால் நாம் என்ன செய்கின்றோம்? ஹலால் கோழியைத் தேடி வாங்குகின்றோம். அன்றி முஸ்லிம் சமையற்காரரிடமே உணவுக்குச் சொல்லி வைக்கின்றோம். புதுத் தட்டுகளை எடுத்து வைக்கின்றோம். அதனை யாரும் பாரமாக நினைப்பதில்லை. அவர் தம் வரையறையைக் கூச்சமின்றிச் சொன்னார். நாம் மகிழ்ச்சியோடு இணங்கினோம். அதே உரிமையோடு நம் நோன்பை அவரிடம் சொல்லத் தயங்குவது, அவரது பெருந்தன்மையைக் குறைத்து மதிப்பதாகும். இணங்கும் வாய்ப்பை அவருக்கும் கொடுக்க வேண்டும்.

1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகளார் புலால் மறுப்பில் சிறிதும் தளராதவர். புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறம்பானவர் என்றே வகுத்தவர். ஆயினும் அவர்தம் பசியையும் நீக்கவே வேண்டும் என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. வருவோரிடம், 'நேற்று என்ன உண்டாய்?' என்று அது கேட்பதில்லை. கொள்கையில் உறுதியும் மனிதரிடத்தில் இளக்கமும் ஓரிடத்தில் வாழ முடியும் என்பதற்கு அவ்வடுப்பினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

லயத்து வேலி போய்விட்டது. இனி நோன்பைக் காக்க நம் நாவே துணை. அந்நா உண்பதில் மட்டும் அடங்கினால் போதாது. கேட்பதிலும் பணிவு கொள்ளல் வேண்டும். பொய்க்காரணம் சொல்லி ஒதுங்குவதும், ஐயத்தை விழுங்கிக்கொண்டு உண்பதும், உயர்ந்தோம் என்னும் நினைப்போடு மறுப்பதும் ஆகிய மூன்றுமே நோன்புக்குப் பகையாவன. உண்மையைச் சொல்லி, உரியதைக் கேட்டு, உடன் அமர்ந்து உண்பவரே நோன்பையும் உறவையும் ஒருங்கே காப்பவர். அவருக்கு எந்நாட்டுப் பந்தியிலும் ஓரிடம் உண்டு.